மற்றவை

வட்டகொடை கூட்டுறவு மண்டபத்தில்
வரைபடம் விரித்தார்கள்.
மூலை சுருளாமலிருக்க நாலு தேத்தண்ணிக் கோப்பை.
கண்ணாடிக் கூரைப் பெட்டி வருமாம்,
செல்ஃபி எடுக்க ஒரு மேடை,
அருவி தெரியும் இடத்தில் வண்டி மெதுவாகப் போகுமாம்.

சிவபாக்கியம் எழும்பினாள்.
"ஏழு மணி வண்டியில கடைசிப் பெட்டி
பிளாட்பாரத்துக்கு வெளியதான் நிக்கும்.
வயித்துப் புள்ளயோட குதிச்சவ நான்.
இன்னும் முப்பதடி நீட்டுங்க."

அதிகாரி படிவத்தில் தேடினார்.
சுற்றுலா, வருமானம், வாகனத் தரிப்பிடம்...
கடைசியில் 'மற்றவை'.
அந்தக் கட்டம் ஒரு விரற்கடை.

"முப்பதடிய அதுக்குள்ள அடக்கிருவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
கோப்பையொன்றை எடுத்துக் குடித்தாள்.
வரைபடத்தின் அந்த மூலை
சுருண்டு வந்து
அருவியை மூடியது.