அறுபத்தொரு நாள்

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
இந்தச் சித்திரையில் எனக்கும் அறுபத்தொன்று.
மண்டபம் வடகரையில் விசைப்படகுகள்
வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏறிக் கிடக்கின்றன.
நான் அவற்றின் அடியில் மல்லாந்திருக்கிறேன்,
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் நெஞ்சின் மேல்.

சுக்கானுக்குப் பக்கத்தில்
உள்ளங்கை அகலத்தில் துத்தநாகக் கட்டி.
போன வருஷம் நான்தான் பூட்டினேன்.
இப்போது கறையான் அரித்த பலகைபோல்
தொட்டால் உதிர்கிறது.
புரொப்பல்லர் தண்டில் ஒரு கீறல் இல்லை.
உப்புத்தண்ணீர் எதையாவது தின்றே தீரும்.
அதன் வாய்க்கு முன்னால் இதை வைக்கிறோம்,
அவ்வளவுதான் என் தொழில் ரகசியம்.

நேற்று ரத்தப் பரிசோதனைத் தாளோடு
மருந்துக்கடைக்குப் போனேன்.
சேகு ஜமால் ஒரு டப்பாவை மேசையில் வைத்தார்:
'ஆன்டி ஆக்சிடன்ட். முதுமை தெரியாதுண்ணே.
அறுபது மாத்திரை, தொள்ளாயிரத்து நாற்பது.'
அது என்ன செய்யும் என்றேன்.

மூச்சுக்காற்று உடம்புக்குள் எரியும்போது
சில பொறிகள் தெறித்துவிடுமாம்.
ஒற்றை எலக்ட்ரானுக்கு அலைகிற பொறிகள்,
கொழுப்பில், தோலில், செல்லுக்குள் இருக்கும் நூலில்
கண்ட இடத்தில் கைவைக்குமாம்.
இது குறுக்கே போய்
தன்னுடையதைக் கொடுத்துவிடுமாம்.

'அட, துத்தநாகம்' என்றேன்.
'இல்லண்ணே, அது வேற மாத்திரை' என்றார்.

வீட்டில் நம்புலட்சுமி டப்பாவை
கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள்.
எழுத்து பிடிபடவில்லை. நான் படித்தேன்:
பழுப்புக் கடற்பாசிச் சாறு.
'கட்டக்கோரையா?'
காலையில் கழுத்தளவு தண்ணீரில் முங்கிப் பிடுங்கியது.
காயவைத்து, கிலோ நாற்பதுக்குப் போட்டது.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே
டப்பாவைக் குலுக்கினாள்.
'ஒரு டப்பாவுக்கு இருபத்து மூணரைக் கிலோ'
என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள்
உலை பொங்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

'திருப்பிக் குடுத்துட்டு நெல்லிக்காய் வாங்கு.
மிச்சத்துல எனக்குக் கண்ணாடி.'

சேகு ஜமால் முகம் சுளிக்கவில்லை.
எனக்குத்தான் அன்றிரவு யோசனை ஓடியது.
சந்தியாகு ஒருமுறை பயந்துபோய்
ஒரே படகில் எட்டுக் கட்டி பூட்டச் சொன்னார்.
அடுத்த வருஷம் போல்ட்டைச் சுற்றிய மரம்
ஊறிய ரொட்டியாகிக் கையோடு வந்தது.
காவலும் அளவு மீறினால் கடிக்கும்.
அதைவிடப் பயம்,
தேயாமல் பளபளக்கும் கட்டியைக் கண்டால்.
எங்கோ கம்பி அறுந்திருக்கிறது,
அது யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை
என்று அர்த்தம்.

காற்றே வேண்டாம் என்று அடைத்துவிடலாம்தான்.
ஃபில்டரில் துணி அடைத்தால்
எந்த எஞ்சினும் கரிபிடிக்காது.
ஓடவும் ஓடாது.

படகுக்கு அறுபத்தொரு நாள் கரையில் கிடக்க
அரசாங்கமே உத்தரவு போடுகிறது.
எனக்கு ராத்திரி மட்டும்.
அதிலும் பாதியைக் கொசு எடுத்துக்கொள்ளும்.
இருந்தாலும் இப்போதெல்லாம்
பத்து மணிக்குப் படுக்கிறேன்,
பீடியை ஆறிலிருந்து ஒன்றாக்கிவிட்டேன்
(அந்த ஒன்றைப் பற்றிக் கேட்காதீர்கள்),
முருங்கைக்கீரையில் அவள் நசுக்கிப் போடும்
குண்டு மிளகாய்க்குக் கண்கலங்கியபடி
இரண்டாம் கை சோறு கேட்கிறேன்.
இதனால் எத்தனை வருஷம் கூடும்?
தெரியாது. படகுக்கே நான் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

ஆனி பிறப்பதற்கு முந்தைய ராத்திரி
எல்லாப் படகும் இறங்கிவிட்டன.
என் புதுக் கட்டிகள்
இருட்டுத் தண்ணீருக்குள் தேயத் தொடங்கியிருக்கும்.

மறுநாள் கண்ணாடி வந்தது.
நம்புலட்சுமி மாட்டிக்கொண்டு
முதலில் அரிசியைப் பார்த்தாள்,
பிறகு விரல் வெடிப்புகளை ஒவ்வொன்றாக,
பிறகு என்னை,
கிட்டத்தில் வந்து,
தாடையை விளக்குப் பக்கம் திருப்பி:

'எப்பப் பிடிச்சது இவ்வளவு துரு?'

உப்புக் கரிக்கும் கட்டைவிரலால்
ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.
போகவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.