கால் சுற்று

இலை எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்.
வரி கட்டிய ரசீது
தண்ணீர், மின்சார பில்களோடு
ஒரே கிளிப்பில் இருக்கிறது.

நடு நரம்பை உரித்துப் போட்டேன்.
குலா மலாக்காப் பாகில்
இரண்டு மூடி ரம் கலந்து தெளித்து
ஓர் இரவு ஈரத்துணிக்குள்.
காலையில் இலை முறியவில்லை, மடங்கியது,
பழைய கைப்பையின் தோல் மாதிரி.

உடைந்த கட்டிலின் சட்டம், இரண்டு துண்டு.
நடுவில் இலை.
மேலே ஒரு சி-கிளாம்ப்,
ஜாலான் புசார் இரும்புக் கடையில் பதினாறு வெள்ளி.

பாசிர் பாஞ்சாங்கில்
நாற்பது டன் பெட்டியைக்
கப்பல் தளத்தில் ஓசைப்படாமல் இறக்குகிறவள் நான்.
அவசரப்பட்டால் எது நசுங்கும் என்று தெரியும்.
இரவுக்குக் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை.
கைப்பிடி நுனியில்
சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன்,
கணக்குக்கு.

அன்றைக்குத்தான் சண்டை.
நவநீதன் நுரையீரல் வார்டில் தாதி.
பன்னிரண்டு மணி நேரம்
அடுத்தவர் இருமலைக் கேட்டுவிட்டு வந்தவன்
செருப்பைக் கழற்றாமலே ஒரு வார்த்தை சொன்னான்.
நான் இரண்டு சொன்னேன்.
அதன்பின் வீட்டில்
குக்கர் மட்டும் பேசியது.

இரண்டாம் இரவு, பொட்டு
நான் விட்ட இடத்தில் இல்லை.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது
அடுப்பைப் பார்த்தது.
தூக்கக் கலக்கம் என்று நினைத்து
என் கால் சுற்றைச் சுற்றிவிட்டுப் படுத்தேன்,
பாத்திரத் தொட்டிப் பக்கமாக.
மூன்றாம் இரவு
அது ஃபிரிட்ஜுக்கு நேரே நின்றது.
தெரிந்துவிட்டது.
கேட்கவில்லை.

அவன் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை,
நான் விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை.
பேச்சில்லாத வீட்டில் இரண்டு பேர்
ஒரே திருகாணியை
ஒரே திசையில்.
பலகை ஓரத்தில் கோப்பி-ஓ நிறத்தில்
சாறு கசிந்து உறைந்தது.
எறும்புகூட அண்டவில்லை.

ஒன்பதாம் நாள் கழற்றினேன்.
செங்கல்.
என் கத்தி முனை நுழைந்து, அங்கேயே நின்றது.

"கல்லாகிப் போனால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்."
சமையலறை வாசலில் நின்று சொன்னான்,
ஒன்பது நாளில் முதல் வாக்கியம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இறுக இறுகத்தானடா ருசி ஏறும்,
மடையா,
யாரும் உனக்குச் சொல்லவில்லையா.

பக்கத்து வீட்டு பீ ஹோங் அக்காவிடம் போய்
வாத்து வெட்டும் கத்தியை இரவல் வாங்கி வந்தான்.
பின்னாலேயே அவரும் வந்து எட்டிப் பார்த்து
வாட்டிய இறைச்சியா என்று கேட்டார்,
முகர்ந்தார்,
கத்தியைக் கழுவித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.
இரண்டு தடவை கழுவச் சொன்னார்.

அவன் வெட்டினான். நான் பிடித்துக்கொண்டேன்.
ஈசி-லிங்க் அட்டை கனத்தில் ஒவ்வொரு சீவலும்.
வெட்டுவாயில் கோடு கோடாக
கருப்பு, பழுப்பு, எங்கோ ஓர் இழை பொன்.
எண்ணினான்.
எண்ணாமல் இருக்கத் தாதிகளுக்கு வராது.
நாற்பத்து மூன்று.

பிறகு மாத்திரைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான்,
ஏழு அறை, ஏழு மூடி.
அறைக்கு ஒன்றாக வைத்தான்.
மிச்சத்தைப் போத்தலில் அடைத்துத்
தன் சட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.
நாளைக்கு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின்.
வார்டில் சொல்கிற அதே குரல்.

பூட்டிய அலமாரியின் சாவி
எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கும் தெரியும்.

திங்கள், செவ்வாய், அளவு சரி.
ஞாயிற்றுக்கிழமை மூடி மட்டும் பொருந்தவில்லை,
ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.
அந்தச் சீவல் இரண்டு அட்டை கனம் இருக்கும்.
கை தவறியதா என்று
கேட்கவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். புக்கிட் பாத்தோக் முழுக்க மழை.
ஈரக் காற்றில்
இரண்டு தீக்குச்சி வீணாயிற்று.
மூன்றாவதை
அவன் கையால் மறைத்துப் பிடித்தான்,
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.