கூச்சம்

ஏழாம் கவுண்ட்டர். டோக்கன் இருநூற்றுப் பதினாறு.
மால்டாவிலிருந்து வந்தவர், நிதாய் சர்க்கார்.
கீமோ குடித்துவிட்ட கை.
நரம்பெல்லாம் கோடைப் பாலாறு மாதிரி
மேலே மணல், அடியில் எங்கேயோ ஈரம்.
கண்ணால் தேடினால் அகப்படாது.
விரலை வைத்துக் காத்திருந்தேன்.
ஒரே குத்து.

"நல்ல கை," என்றார், லாட்ஜில் கற்ற தமிழில்.
"நாலு ஊரு, எவ்ளோ குத்து. இந்த மாதிரி கை இல்லை."

"அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாதா.
ஊசி புதுசு."
சொல்லிக்கொண்டே
ஒட்டிய லேபிளை இன்னொரு தடவை தேய்த்தேன்.

அவர் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு.
தண்ணி, வலி, சில்லறை, நாளைக்கு வா:
வேலூர் அவருக்குக் கொடுத்த சொற்கள்
வங்காள எழுத்தில்.
என் முகத்தைக் காட்டிக் கேட்டார்,
"இதுக்குத் தமிழ்ல இன்னா?"

கூச்சம் என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
பல்லைக் காட்டினேன்: ஐஸ் பட்டால்.
காற்றின் விலாவில் விரலை ஆட்டினேன்: கிச்சுக்கிச்சு.
ஜன்னலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினேன்: வெயில்.
பிறகு அவர் வாயை, என்னை.
வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்களும் உண்டு,
அதைச் சொல்வதற்குள்
இருநூற்றுப் பதினேழு எழுந்து வந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக ஊசி போடுகிறேன்,
இதை யோசித்ததில்லை.
பல்லுக்கு ஐஸும் கண்ணுக்கு வெயிலும்
எனக்கு ஒரு நல்ல வார்த்தையும்
எங்கே மூடி இல்லையோ
அங்கே போய்த்தான் படுகின்றன.

நிதாய் முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி
வாசல் வரை போனார்.
சித்திரை, பன்னிரண்டு மணி.
ஆற்காடு ரோடு வெள்ளையாய் எரிந்தது.
கையைப் புருவத்தில் வைத்து,
திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னார்:
"வேலூர் வெயில் என்னை ரொம்பப் புகழுது!"

"இன்னா சொல்றாரு இவரு?" என்றார் செக்யூரிட்டி மோகனவேல்.
நான் அடுத்த கையில்
ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காட்பாடி பஸ்.
பாலம் ஏறும்போது
இடது ஜன்னலில் சூரியன், நேராக முகத்தில்.
பக்கத்து சீட்டுக்காரம்மா ஷட்டரை இறக்கக் கை நீட்டினார்.
"இருக்கட்டும்க்கா."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்
ஆறு முடியும் வரை.
ஊசி புதுசு என்று
யாரிடமும் சொல்லவில்லை.