நடு வேகாத கேக்

பேக்கிங் பவுடர் வேண்டாம் இதற்கு.
பொங்கி எழ வேண்டிய அவசியமே இல்லாத கேக்.
வெண்ணெய் உருக்கிய இரும்புச் சட்டியிலேயே
சர்க்கரை, முட்டை, கோகோ, இரண்டு பிடி மாவு.
அதை அப்படியே அடுப்புக்குள் தள்ளினேன்.
வட்ட டின் ஜூனிலிருந்து மால்தேயிடம்.

லூலியோவில் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது.
ஏழுக்கு வருவதாகச் சொன்ன சிக்ஸ்டன்
ஆறேகாலுக்கே வந்து
பூட்ஸில் அப்பிய பனியை உதறுகிறான்.
ஒயின் வாங்கி வருகிறேன் என்ற இல்வா
சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தாள், அதுவும் பிரித்தது.
மால்தேயைப் பற்றிப் பேசுவதில்லை என்று
யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

பதினைந்து நிமிடம். தாண்டினால் வெறும் ரொட்டி.
பன்னிரண்டாவது நிமிடத்தில் அழைப்புமணி.
மால்தே.
கையில் என் டின், தேய்த்துக் கழுவி,
உள்ளே துடைத்த துணியின் நூல் ஒன்று ஒட்டியபடி.
என்னவோ நிறையச் சொல்ல வந்தவன்போல் நின்றான்,
பிறகு,
"எதுவோ கருகுது" என்றான்.

கருகவில்லை. ஓரம் கொஞ்சம் இறுகிவிட்டது, அவ்வளவுதான்.
குச்சியை நடுவில் குத்தினேன்,
சேறாக வந்தது.

தட்டெடுக்க யாரும் எழவில்லை.
சட்டியைச் சுற்றி நான்கு ஸ்பூன்கள்,
அதில் ஒன்று காபிக்கரண்டி.

"வெந்துடுச்சா?" என்றான் மால்தே, யாரையும் பாராமல்.
"இல்ல," என்றாள் இல்வா,
"சாப்பிடு."