ஆம் / இல்லை

என் கவுண்டர் கண்ணாடியில் துளை
இடுப்பு உயரத்தில் இருக்கிறது.
யார் அளந்து வெட்டினார்களோ.
குனிந்தால்தான் பெயர் சொல்ல முடியும்.
குனிய முடியவில்லை என்று சொல்லவும்
குனியத்தான் வேண்டும்.

கஜபதி, நாற்பத்து மூன்று, காசிமேடு.
தொழில்?
"ஐஸு சார். பார் ஐஸு. லாரிலேர்ந்து போட்டுக்கு."
இருபத்திரண்டு வருஷம்
ஈரச் சாக்கு போட்ட அதே தோள்.
"குந்த முடில, நிக்க முடில.
படுத்தா கால் வரிக்கும் கரண்ட்டு இழுக்குது.
ஒரு கோட்டர் உள்ள போனாத்தான்
ரெண்டு மணி நேரம் கண்ணு மூடுது."

கணினியில் ஒரு கட்டம் உண்டு.
குடிப்பழக்கம்: ஆம், இல்லை.
ஏன் என்பதற்குக் கட்டம் கிடையாது.
வரிசையில் பின்னால் நூறு பேர்.
ஆம் என்று தட்டினேன்.
மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டெழுத்து
ஒவ்வோர் அறைக்கும் அவருக்கு முன்னால் போய்
உட்கார்ந்துகொண்டது.
எலும்பு டாக்டர் திரையைப் பார்த்தார்,
முதுகைப் பார்க்கவில்லை.
பாரசிட்டமால் பத்து, களிம்பு ஒன்று.
வெள்ளிக்கிழமை வலி கிளினிக்கில் சொன்னார்கள்:
முதல்ல குடியை விட்டுட்டு வா.
செவ்வாய்க்கிழமை போதை மீட்புப் பிரிவில் சொன்னார்கள்:
வலி இருக்கிற வரைக்கும் இது நிக்காதுப்பா,
முதல்ல அதைப் பாரு.
ரெண்டு நாள் லோடு போனதுதான் மிச்சம்.

போன மார்ச்சில் எனக்கும் முதுகு பிடித்தது.
நாற்காலி வலி. பதினோரு வருஷ நாற்காலி.
மனைவியின் பேங்க் இன்ஷூரன்ஸில்
அண்ணா நகரில் ஏசி அறை.
முந்தின ராத்திரி பீர்
என் மூச்சில் இருந்திருக்கும்.
டாக்டர் தலையணை ஒன்றை என் முதுகுக்கு வைத்துவிட்டு
சிரித்தபடி கேட்டார்:
"எப்பவாவது, சோஷியலா?"
நானும் சிரித்தேன்.
அவர் எதையும் எழுதவில்லை.
நரம்புக்கு ஓர் ஊசி, இரண்டு ஸ்ட்ரிப் மாத்திரை.
அன்றிரவு மழை பெய்ததாம்.
காலையில் சொல்லித்தான் தெரியும்.

மூன்றாம் முறை வந்தபோது கஜபதி
வலியைப் பற்றிப் பேசவில்லை.
"அந்த ஆமாவ அழிச்சுடேன் சார்.
நான் அத்த வுட்டாலும்
அது என்ன வுட மாட்டேங்குது."

சேமித்ததைத் திருத்த
சூப்பிரண்டின் பாஸ்வேர்டு வேண்டும்.
அவர் பதினொன்றரைக்கு வருவார்.
சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டு போனார்.
பதினொன்றரைக்கு நானும் கேட்கவில்லை,
டீ வந்திருந்தது.

நேற்று துளையில் முகம் வரவில்லை.
கை மட்டும் வந்தது, சீட்டோடு.
ஐஸில் வெந்து வெளுத்த விரல் நுனிகள்.
பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை.
"குனிஞ்சு சொல்லுய்யா, நேரமாவுது"
என்று வரிசையில் ஒரு குரல்.
என் சட்டைப்பையில்
ஸ்ட்ரிப்பில் இன்னும் நாலு மாத்திரை.

எழுந்து நின்றேன்.
இத்தனை வருஷத்தில் முதல்முறை
முகத்துக்கு நேராக முகம்.
அவர் உதடு அசைந்தது.
கண்ணாடி தடிமன்.
ஒன்றும் கேட்கவில்லை.