பதினான்காம் கட்டம்

ராஜேந்திர நகரில் என் பங்கு
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
பதிவேட்டின் பெயர் 'தகுதியுள்ள தம்பதியர்'.
எதற்குத் தகுதி என்று
ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

காப்பர் டி, மாத்திரை, மூன்று மாத ஊசி,
பிள்ளை பெற்ற கையோடு செய்த ஆபரேஷன்:
எல்லாக் கட்டத்திலும் பெண்கள் நெரிசல்,
தண்ணீர் லாரி வந்த தெருபோல.
பதினான்காவது, ஆண்களுக்கானது,
ஏழு வருஷமாய்க் காலி.
அதில் நான் மளிகைக் கணக்கு
பென்சிலால் எழுதி அழித்திருக்கிறேன்.

சூசைராஜ் வந்தது ராத்திரி ஒன்பதரைக்கு.
பெயின்ட் வேலை; முழங்கையில் காயாத பச்சை.
"ஆஷாக்கா, உள்ள வரலாமா" என்றவன்
செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

அவன் மனைவி அமலோற்பவத்தின் கார்டு
என் கையெழுத்தில் நிரம்பியது.
கன்னட எழுத்து தெரியாது அவளுக்கு.
"மேல என்ன போட்டிருக்கு?"
தாயி என்றேன்.
"அட, நம்ம வார்த்தை" என்று
முந்தானையால் துடைத்து வைத்துக்கொண்டாள்.
இரண்டுமே சிசேரியன்.
இரண்டாவதில் மூன்று பாட்டில் ரத்தம்.

"அவ வயித்துல இனி கத்தி வேணாங்க்கா.
எனக்குப் பண்ணிருங்க.
எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஜெயநகரில் கால் மணி நேரம்.
தையல்கூட இல்லை.
ஆட்டோவில் திரும்பும்போது
"இவ்வளவுதானா" என்று மூன்று தடவை கேட்டான்.
மூன்றாம் தடவை கோபமாகக் கேட்டான்.
ஒரு வாரம் சாரத்தில் ஏறவில்லை.
இடுப்புப் பிடிப்பு என்றதை நம்பி
மேஸ்திரி தைலம் கொடுத்தனுப்பினார்.

மாதக் கூட்டத்தில் மேற்பார்வை மேடம்
பக்கம் புரட்டிய விரலை நிறுத்தினார்.
"தப்பாகிதே" என்றார், அன்பாகத்தான்.
சிவப்பு மையால் என் டிக்கை அடித்துவிட்டு
பன்னிரண்டாம் கட்டத்தில்
அமலோற்பவத்துக்கு நேரே
அழகாக ஒன்று போட்டார்.
கத்தி படாமலே இந்தத் தடவை
ஆபரேஷன் முடிந்தது அவளுக்கு.

அரை நிமிஷம் சும்மா இருந்தேன்.
அவன் கேட்ட ரகசியம்
இந்த அறைக்கும் சேர்த்தா என்று யோசித்தேன்.
ஃபேன் சத்தம். யாரோ டீ உறிஞ்சினார்கள்.

சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி
பன்னிரண்டை அடித்தேன்.
பதினான்கில், அழிந்தும் அழியாத
துவரம்பருப்பு இரண்டு கிலோவின் மேல்,
மறுபடி போட்டேன்.

அழுத்திவிட்டேன் போல.
வீட்டுக்கு வந்து புரட்டினால்
அடுத்த பக்கத்திலும் தடம்:
வேணுகோபால், பிளம்பர், மூன்று பெண்.
அவன் பெயருக்கு நேரே
மை இல்லை,
பள்ளம் மட்டும்.