பாதித் தகடு

மர்பி டவுன் வீட்டில் மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதற்கு முட்டுக் கொடுத்திருந்தாள் ராக்கினி,
ஒரு ஜெர்மன்காரனின் பாதியை.

பாதி என்றால், தகடு.
முட்டை வடிவில் கழுத்தில் தொங்கும்.
நடுவே வரிசையாகக் கீறல், செத்தால் ஒடிக்க.
மேல் பாதி உடம்போடு போகும்.
கீழ்ப் பாதி ஊருக்குப் போய்
இறந்துவிட்டான் என்று சொல்லும்.
இதை எங்களுக்கு விளக்கியவர் ஹவில்தார் தெய்வசிகாமணி.
மறுவாரம் அவரையும் புதைத்தோம்.

காசினோ மலையடி. தபசுக் காலம், விடாத மழை.
பாலத்துக்குப் பலகை சுமந்துபோன வழியில்
கவிழ்ந்து கிடந்தான்.
விளிம்பில்லாத இரும்புத் தொப்பி;
வானத்திலிருந்து குதிக்கிற படை என்றார்கள்.
இவன் எங்கேயும் குதிக்கவில்லை.
எங்களைப் போலவே சேற்றில் நடந்துவந்து
வாய்க்காலில் செத்திருக்கிறான்.
பூட்ஸுக்குள் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தான்,
ஈரத்துக்கு.
நானும் அப்படித்தான்.

மூன்றடி வெட்டுவதற்குள் தண்ணீர் ஊறியது.
முகத்தில் மண் தள்ள மனசு வராமல்
கால் பக்கமிருந்து தொடங்கினேன்.
எங்கள் படையில் துரைமார்
எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.
வேறு பெயர் தெரியாததால்
நானும் சொன்னேன்:
படுத்துக்கோ தம்பி.

தகட்டை ஒடித்துப் பையில் போட்டேன்.
கொடுக்க மறந்துவிட்டேன்.
அவ்வளவுதான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.
அன்றிரவு ஷெல் விழுந்தது,
பிறகு ஆஸ்பத்திரி, கப்பல், அல்சூர், டிஸ்சார்ஜ்.
பென்ஷன் தாளைத் தேடிய ஒரு நாள்
டிரங்குப் பெட்டியிலிருந்து உருண்டது.

தபாலாபீசில் கேட்டேன்.
பெறுநர் யார் என்றான் கிளார்க்.
எண்ணைக் காட்டினேன்.
எண்ணுக்குத் தபால் போகாது என்றான்.

இப்போது கல்பள்ளியில் எனக்குக் குழி வெட்டுகிற வேலை.
கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம்
ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்க,
சுவரோரம் ஒரு சாண் தோண்டி உட்கார்ந்தேன்.
இதையும் புதைத்துவிட்டால் கணக்கு முடியும்.
காலணாவுக்குச் செவ்வந்திகூட வாங்கியிருந்தேன்.

உள்ளே வைத்த பிறகுதான் உறைத்தது:
இதையும் மூடினால்
அவன் சாகவே மாட்டான்.
எங்கோ ஒருத்தி
இன்னும் பத்து வருஷம்
கதவுக்குத் தாழ் போடாமல் தூங்குவாள்.

பூவை அங்கேயே போட்டுவிட்டு
தகட்டைத் துடைத்து எடுத்துவந்தேன்.

மேசை ஆடுது, அந்தத் தகரம் எங்கே என்றாள் ராக்கினி.
தீப்பெட்டி அட்டையை நாலாக மடித்துக் கொடுத்தேன்.
திங்கட்கிழமை
வேறு கிளார்க் இருப்பான்.